வாலுக்குப் பின்னால்

எங்கள் ஸ்கேட்டிங் கூட்டத்தில் என் பெயர் வால். கேலிப்பெயர் என்று நினைக்க வேண்டாம், அது பதவி. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் சக்கரம் வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு கும்பலாக நகரத்தைச் சுற்றி வருவோம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. மூடிக்கிடக்கும் பழைய மார்க்கெட் வாசலுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கூட உருளலாம். வழி தெரிந்தவர் முன்னால் போவார். நான் உடுப்புக்கு மேலே கையில்லாத ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று போட்டுக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வருவேன். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடைசியில் வருவதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் எங்களை ஒரு நாற்சந்தியில் நின்று பார்த்ததில்லை. கூட்டம் சாலையைக் கடக்கும் முன்பே இரண்டு பேர் பாய்ந்துபோய், இரண்டு பக்கமும் கையை விரித்து வண்டிகளை மறிப்பார்கள். பஸ் நிற்கும், லாரி நிற்கும், கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்களின் கார்கள் நிற்கும். எதுவரைக்கும் என்றால், நான் வந்து கையைத் தூக்கும்வரைக்கும். வால் கையைத் தூக்கினால் பின்னால் ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மறிப்பவர்கள் விலகுவார்கள், ஊர் நகரும். என் வீட்டில் நான் வருவதற்காக டிவியில் ஓடுகிற விளம்பரத்தைக்கூட யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

பகலில் எனக்குப் பல் செய்கிற வேலை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் வடித்து, பீங்கானில் பல் செய்து கொடுக்கும் லேப். யாருடைய வாயில் போய் உட்காரப்போகிறது என்று தெரியாத பற்களை நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அதனாலோ என்னவோ, ஒருவரைப் பார்த்தால் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் ஆளை எடைபோடுவேன். எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். அவருடைய கீழ்ப்பல் செட் எங்கள் லேபில் செய்ததல்ல. செய்திருந்தால் விசில் ஊதும்போது அப்படி ஆடாது.

இனி என் ஓரகத்தியின் பல்லுக்கு வருகிறேன். என் கொழுந்தனின் மனைவி அவள். ஒரே கட்டடத்தில் அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மாடிவீடு. அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு. அப்படி ஒரு பல்லை நான் செய்து அனுப்பினால் டாக்டர் மூஞ்சியில் அடித்த மாதிரி திருப்பி அனுப்புவார். அவள் வாயில் இருந்தால் மட்டும் அது அழகு. அவள் சிரித்தால் எதிரில் இருப்பவர் முகத்திலும் வாயெல்லாம் பல். முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, முடியோடு பாரத்தையும் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். என் மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்தவள், எனக்கு முன்னாலேயே இந்தக் குடும்பத்துக்கு வந்தவளைப் போல ஆகிவிட்டாள். ஆனால் வியாழக்கிழமை என்னுடையது. ஆரஞ்சுச் சட்டை என்னுடையது. அங்கே நான் யாருடைய மனைவி, யாருடைய மருமகள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் எல்லாரும் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, "நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், கூட்டிக்கொண்டு போயேன், உனக்கும் துணையாச்சு என்றார். எனக்குத் துணை வேண்டும் என்று இவரிடம் யார் அழுதது? பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

முதல் வியாழக்கிழமை அவள் விழுந்தாள். பிறகு எழுந்தாள், மறுபடி விழுந்தாள். எனக்கு உள்ளுக்குள் உச்சி குளிர்ந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் நான் புதிதாக வந்து விழுந்த காலத்தில் ஒருவர் வந்து தூக்கிவிட்டார், அவ்வளவுதான். இவள் விழுந்தபோது பாதிக் கூட்டம் திரும்பி வந்தது. முழங்கால் கவசத்தை ஒருவர் சரிசெய்தார், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். உடம்பை முன்னால் சாய், முழங்காலை மடக்கு என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். எங்கள் கூட்டத்தில் இத்தனை வாத்தியார்கள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளும் தரையில் உட்கார்ந்தபடியே தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோடை பாதி முடிவதற்குள் அவள் என்னைவிட நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டாள். வளைவில் காலைக் காலுக்கு மேல் போட்டுத் திரும்பினாள். பின்பக்கமாக உருளக் கற்றுக்கொண்டாள். எனக்கு இன்றுவரை பின்பக்கமாகப் போக வராது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். அவள் முன்னால் போகாமல் என் பக்கத்திலேயே வந்ததுதான் வினையாகிவிட்டது. "அக்கா கூடவே வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டாள். அவளிடம் பேசுவதற்காக ஒவ்வொருவராகப் பின்தங்க ஆரம்பித்தார்கள். மறிப்பவர்களில் நெட்டையாக இருப்பவர் தன் பெண் வீட்டோடு பேசாமல் இருப்பதைச் சொன்னார். முன்னால் பறந்துகொண்டிருந்த கணக்குத் தணிக்கை செய்கிறவர், தலையில் முடி கொட்டுவதைப் பற்றி விசாரிக்க வந்து, கொட்டாத கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். கூட்டத்தின் தலை இளைத்து, வால் பருத்துவிட்டது.

ஒருநாள் டிரைவர் அண்ணன் பாலத்தின் உச்சியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. மொத்தப் பேரும் பாலம் ஏறத் தொடங்கும் இடத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தோம். அவர் இறங்கி வந்து, என்ன ஊர்வலமா போறீங்க என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, என் ஓரகத்தியைத் தன்னோடு முன்னால் வரச் சொன்னார். அவள் முன்னால் போனால் கும்பலும் முன்னால் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவள் முகம் வாடியது. "அக்காவ விட்டுட்டா?" என்றாள். விட்டால் போதும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

கும்பல் முன்னால் போய்விட்டது. என் வால் மறுபடி என் வாலாகிவிட்டது. எனக்கு முன்னால் லைப்ரரியில் வேலை பார்க்கிற அம்மா மட்டும், தன் சக்கரத்தையே குனிந்து பார்த்தபடி, முட்டை மேல் நடப்பதுபோல் போய்க்கொண்டிருப்பார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, முதல் வாரம். இரண்டாவது வாரம் முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழியில் கல்லோ தண்ணீரோ இருந்தால் முதல் ஆள் கத்துவார். அடுத்தவர் அதை வாங்கி அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் கத்துவார், இப்படியே கடைசிவரைக்கும் வரும். "கல்லு", "பள்ளம்", "ஈரம்" எல்லாம் என்னிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. சிரிப்பு மட்டும் வந்து சேரவில்லை. என்ன சொன்னாள், எதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள் என்று எனக்கு யாரும் கத்திச் சொல்லவில்லை. முன்னால் அவள் பின்பக்கமாக உருண்டுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொல்வது தெரியும். டிரைவர் அண்ணன், பஸ் ஓட்டிய காலத்திலிருந்து சிரித்தே பழக்கமில்லாத மனிதர், தோள் குலுங்கச் சிரிப்பதும் தெரியும். ஆரஞ்சுச் சட்டைக்குள் எனக்கு வயிறு எரிந்தது. லேபில் பீங்கானைச் சுடுகிற உலை இருக்கிறது. அதற்குள்கூட அவ்வளவு சூடு இருக்காது.

அப்படி ஒரு வியாழக்கிழமை கிடங்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தோம். நேரான, வழவழப்பான தெரு. வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. லைப்ரரி அம்மா ஓரமாக நின்று குனிந்து பூட்ஸின் பக்கிளை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும். அவர் பக்கிளை இறுக்கி, நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கிளம்பும்வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்த நேரம் பார்த்து முன்னால் கொல்லென்று ஒரு சிரிப்பு. என் பெயர் காதில் விழுந்ததுபோல் இருந்தது. விழவே இல்லை என்று இப்போது தெரியும், ஆனால் பொறாமைக்குக் காது ரொம்பக் கூர்மை. கொஞ்சம் கிட்டத்தில் போய் என்னவென்று கேட்டுவிட்டு வந்துவிடலாம், நேரான தெருதானே என்று அந்த அம்மாவைத் தாண்டிப் போனேன். போனவள் போய்க்கொண்டே இருந்தேன். கூட்டத்தின் பாதிவரைக்கும் போய்விட்டேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தது தன் கடையில் ஒருவர் தூங்கிப்போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்ட கதை. அவ்வளவு சிரிப்பாகவும் இல்லை.

இப்படிக் கேட்டுக்கொண்டே நாற்சந்தியைக் கடந்தேன். கடந்ததும் கை தானாக மேலே போனது. பழகிப்போன கை அது. அதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் தெரியாது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த நாலைந்து பேரும் கடக்கிற வேகத்தில் இருந்தார்கள். அவர்கள் தாண்டியதும் மறிப்பவர்கள் இருவரும், வால்தான் கையைத் தூக்கியாயிற்றே என்று சாலையை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தார்கள்.

முதலில் பார்த்தவள் என் ஓரகத்திதான். பின்பக்கமாக உருண்டு வந்தவளுக்கு, கடைசியில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் நடுவில் தெரிந்திருக்கிறது. பாதிக் கதையில் வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னைத் தாண்டிப் பறந்தாள். அதே நேரம் பின்னால் பிரேக் கிறீச்சிடும் சத்தமும் நீளமான ஹாரனும் கேட்டன. நானும் திரும்பிப் பாய்ந்தேன்.

லைப்ரரி அம்மா எப்போதும் போலக் குனிந்த தலை நிமிராமல் சந்திக்குள் வந்திருக்கிறார். தனக்குப் பின்னால் வால் இருக்கிறது, வால் இருக்கும்வரை வண்டிகள் நிற்கும் என்ற நம்பிக்கைதான். சாமான் ஏற்றிய வேன் ஒன்று அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. அவர் சாலையில் உட்கார்ந்திருந்தார். என் ஓரகத்தி அவர் தோளை அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் இல்லை, மணிக்கட்டில் சிராய்ப்பு. ஆனால் அந்த அம்மா எழுந்திருக்காமல், வால் எங்கே என்று தேடுவதுபோல் தனக்குப் பின்னாலேயே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட்டை மனிதர் அவரை ஒரு டாக்ஸியில் ஏற்றி, வீடுவரை கூடப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். மீதிப் பேர் பக்கத்திலிருந்த பூங்கா வாசலில் வட்டமாக நின்றோம். டிரைவர் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வால் எங்க இருந்தது?" என்றார்.

நான் வாயைத் திறக்க முயன்றுகொண்டிருந்தபோது என் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "நான்தாண்ணே கூப்பிட்டேன். ஒரு விஷயம் சொல்லணும், வாங்கக்கான்னு கூப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள். டிரைவர் அண்ணன் முகம்கூடத் தளர்ந்தது. அவள் சொன்னால் அது தப்பாகத் தெரியாது, குழந்தை தம்ளரைக் கவிழ்த்துவிட்ட மாதிரிதான் தெரியும். நான் சும்மா இருந்தால் போதும், சட்டை என்னிடமே இருக்கும்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியாரை எடுத்துக்கொண்டாள், சரி. கூட்டத்தை எடுத்துக்கொண்டாள், அதுவும் சரி. நான் செய்த தப்பையும் இவளே எடுத்துக்கொள்வாளா? அது ஒன்றுதானே முழுக்க என்னுடையது? இனி ஒவ்வொரு வியாழனும் அந்தச் சட்டையை மாட்டும்போது, இது அவள் போட்ட பிச்சை என்று உடம்பு சொல்லும். அதைவிடச் சட்டை இல்லாமலே இருந்துவிடுவேன்.

"அவ கூப்பிடல" என்றேன். "நானாத்தான் போனேன். அவ என்ன சொல்லிச் சிரிக்க வைக்கறான்னு கேக்கப் போனேன்."

பக்கத்தில் இருந்த தணிக்கைக்காரர், பெரிய மனசு உங்களுக்கு என்று முணுமுணுத்தார். பெரிய மனசாவது மண்ணாங்கட்டியாவது. டிரைவர் அண்ணன் கையை நீட்டினார். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. அவர் அதை அப்படியே என் ஓரகத்தியிடம் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்த நிறம் எடுப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூங்காவிலிருந்து மார்க்கெட்வரைக்கும் ஆற்றோரமாக ஒரே சாலை. எல்லாரும் கிளம்பினார்கள். முன்னால் போய் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அப்படியே மெதுவாகப் போனேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளும் தாண்டிய பிறகு, கடைசி ஆள் நானாகிவிட்டேன் என்பது உறைத்தது. எனக்குப் பின்னால் அவள். வால் கடைசி ஆளைத் தாண்டக் கூடாது. நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவள் என் பின்னாலேயே வந்தாக வேண்டும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் என்ன பாடு என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று வேகத்தை இன்னும் குறைத்தேன். நடந்து போகிற ஒரு தம்பதி எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவிழாத பக்கிளை அவிழ்த்து மறுபடி போட்டேன். அவள் நின்றாள். ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தின் பேச்சுச் சத்தம் தூரத்தில் தேய்ந்துபோனது. சாலையில் நாங்கள் இரண்டு பேர்தான். சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்கு வந்தே?" என்றேன், திரும்பாமலே. "உனக்கு என்ன இல்ல? எல்லாரும்தான் உன்னைக் கொண்டாடறாங்களே. இங்கயும் எதுக்கு வந்தே?"

நாள் முழுக்க அடுத்தவர் கதையைக் கேட்டுப் பழகியவளுக்குத் தன் கதையை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருந்தது.

"வியாழக்கிழமை ராத்திரி திரும்பி வந்து நீங்க மாடிப்படி ஏறிப் போவீங்கல்லக்கா" என்றாள் கடைசியில். "எங்க வீட்டுக் கதவத் தாண்டித்தானே போகணும். மத்த நாள்ல உங்க காலடிச் சத்தமே கேக்காது. வியாழக்கிழமை மட்டும் ஏதோ முணுமுணுன்னு பாடிட்டே ஏறுவீங்க. நான் அன்னிக்குப் பூரா நாப்பது பேர்கிட்டச் சிரிச்சிட்டு வந்து, வாய் வலிக்க உள்ள உக்காந்திருப்பேன். யாருக்கும் நல்லவளா இருக்க வேணாம், யாரையும் சிரிக்க வைக்க வேணாம், கடைசில வந்தாப் போதும். அப்படி ஒரு இடம் இவங்களுக்கு இருக்கு, எனக்கு இல்லையேன்னு இருக்கும். வந்து பாத்தா இங்கயும் எல்லாரும் எங்கிட்டயே வந்துட்டாங்க." பின்னால் அவள் சக்கரம் தரையில் உரசியது. "வயித்தெரிச்சல்க்கா. உங்களப் பாத்து எனக்கு அப்படி வயிறு எரியும்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னைப் பார்த்து. பீங்கானைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மழுங்கிப்போன என்னைப் பார்த்து, வீட்டில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத என்னைப் பார்த்து, இவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு எரிந்திருக்கிறாள். பரிதாபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். திரும்பி அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். அதெல்லாம் பிறகு செய்துகொள்ளலாம். பிறந்ததிலிருந்து ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை.

சாலை முடிகிற இடத்தில் மறிப்பவரும், டாக்ஸியில் போன நெட்டையருக்குப் பதிலாகத் தணிக்கைக்காரரும் கையை விரித்து நின்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று எங்களுக்காகக் காத்திருந்தன. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத்தான் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் நான் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, "என்ன சொன்னே? சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.